கோட்டை அடுப்பும் ஓவசியர் மர்சூக்கும்

மன்னார்த்தீவில் குளிர் என்று ஒரு பொருள் இதுவரை வந்து இறங்கியதில்லை, இனிமேல் இறங்கப் போவதுமில்லை.

இதைச் சொன்னவர் ஓவசியர் மர்சூக். பகடிக்குச் சொல்லவில்லை. ஒரு கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையால் மீசையின் வலது நுனியைப் பிடித்துக்கொண்டு, கோட்டிலே சத்தியம் செய்து சாட்சி சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

“சோளகக் காத்து வருது, வாடைக் காத்து வருது. தூத்துக்குடியிலயிருந்து ஓடு வருது. எங்கயோ இருந்து கழுதையும் வந்துது. குளிர் மட்டும் வரயில்லை. வந்தாலும் தலைமன்னார் இறங்குதுறையில வைச்சுச் சுங்கக்காரன் திருப்பி அனுப்பிப்போடுவான்.”

கோட்டைக்குள் இருந்த பழைய கந்தோரில் அப்போது இதைக் கேட்க வாய்த்தவர் இரண்டாம் கிளாக்கர் சிவராசா. பாலத்துக்கு அப்பால் உயிலங்குளத்து ஆள். ஐப்பசி மாதத்து முதல் தூறல் விழுந்த அன்றே கழுத்தைச் சுற்றி ஒரு பச்சை மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேச்சு முழுவதும் அந்த மஃப்ளரைப் பார்த்தே நடந்தது.

“எங்கட பக்கம் குளிருது, ஓவசியர்,” என்றார் சிவராசா. “மார்கழியில வயல் காவலுக்குப் போனால் நெருப்பு மூட்டாமல் இருக்கேலாது.”

“அதைத்தான் சொல்லுறன். உங்கட ஆக்கள் கொட்டிலுக்கு முன்னால நெருப்பை மூட்டிப்போட்டு, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சோறு கேக்கிற மாதிரிக் குந்தியிருக்கினம். நான் ரோட்டால போகேக்க பாத்தனான். சிரிச்சுச் சிரிச்சு சைக்கிளால விழப் பாத்தன். நெருப்பு கறி காச்சிறதுக்கு. ஆளைக் காச்சிறதுக்கில்லை. நெருப்புக்கு முன்னால கையை நீட்டிக்கொண்டு குந்துறவன் மன்னாரானே இல்லை. இதை நீங்கள் எழுதி வைச்சுக்கொள்ளலாம்.”

சிவராசா எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதாமலே ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடிய மனிதர் அவர்.

மர்சூக் தீவுக்குள்ளேயே தாராபுரத்துக்காரர். முப்பத்தாறு வயது. மன்னாரின் பாலம், மதகு, அரசாங்கக் கட்டடங்களின் கூரை எல்லாம் அவருடைய பொறுப்பில் இருந்தன. அவற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்று மட்டும் இருந்தது. அது அவர் மனைவி சரீபாவுக்குத் தெரியும். மார்கழி பிறந்தால் ஓவசியர் இரண்டு போர்வைக்குமேல் ஒரு கோணிச்சாக்கையும் போட்டு மூடிக்கொண்டுதான் படுப்பார். ஒருமுறை சோதனை எழுத மூன்று நாள் கண்டிக்குப் போனவர், திரும்பி வரும்போது மதவாச்சி கழியும்வரை பல்லுக்குப் பல் அடித்துக்கொண்டு வந்தார். ரயில் பெட்டியில் கூட இருந்தவர்கள் அவர் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்த வருடம் ஐப்பசி கடைசியில் கந்தோரின் பெரிய அலுமாரியைக் கறையான் பிடித்தது. காணிப் பதிவுகள் இருந்த அலுமாரி. இங்கிலீசுக்காரர் வந்து சில வருடத்தில் உள்ளே வந்தது, அதற்குப் பிறகு ஒரு விரற்கடைகூட நகராதது. எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி அதை நகர்த்தியபோது, பின்னால் இருந்த சுவர் வயிறு முன்தள்ளி நின்றது.

மேசன் யோசேப்பைக் கூப்பிட்டார்கள். பேசாலைக்காரர், ஐம்பத்தைந்து வயது, தீவிலே முருகைக்கல்லும் சுண்ணாம்பும் அவர் சொன்னபடிதான் கேட்கும் என்பார்கள். அவர் சுவரில் காதை வைத்து, மேசன் கரண்டியின் பிடியால் மூன்று தட்டுத் தட்டினார்.

“ஓவசியர் ஐயா, இது சுவரில்லை. கதவு மாதிரி எதையோ அடைச்சிருக்கினம்.”

“உள்ளுக்கு என்ன, அண்ணை?”

“அதை அடைச்ச ஆளைத்தான் கேக்கோணும். அந்தாள் செத்து இருநூறு வருசம் இருக்கும்.”

உளி வைத்தார்கள். வெள்ளையடிப்பே ஒரு விரல் தடிப்பு இருந்தது. ஒவ்வொரு அரசாங்கமும் முந்தின அரசாங்கத்தை வெள்ளையால் மூடியிருந்தது. அதற்குப் பின்னால் சல்லியும் சாந்தும். சல்லி கழிய, ஆள் உயரத்துக்கு ஒரு வளைவு தெரிந்தது. அழகாகச் செதுக்கிய கல் வளைவு, உள்ளே ஒரு மாடம் போலக் குழிந்த இருட்டு.

யோசேப் தொப்பியைக் கழற்றிவிட்டார். “மாதாவே, சுரூபம் வைச்ச இடம். பறங்கியர் காலத்துக் கோயில்தான் இது.”

மர்சூக் அதற்குள் சூரியன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யன்னலால் பார்த்து, அது மக்கத்தை நோக்கிய மேற்குச் சுவர் என்று நிச்சயித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். “அவசரப்படாதேங்கோ, அண்ணை. பறங்கிக்கு முந்தியே இஞ்ச எங்கட ஆக்கள் தொழுதிருக்கினம்.”

சிவராசாவின் செருப்பும் காலில் இல்லை.

மூன்று பேரும் வெறுங்காலோடும் ஒரே பக்தியோடும் தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தார்கள். மேலே இருந்து ஒரு கூடை கரி வந்து விழுந்தது.

மூவரும் வெளியே வந்தபோது மூன்று சமயமும் ஒரே நிறமாக இருந்தது. யோசேப் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மர்சூக் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

“அடுப்பு,” என்றார் சிவராசா.

“இவ்வளவு பெரிசோ? எருமையை முழுசாக் காச்சினவங்களோ?” என்றார் யோசேப்.

உதவி ஏஜண்டுத் துரை அன்று பின்னேரமே வந்து பார்த்தார். வெள்ளைக்காரருக்கு வைக்கும் தமிழ்ச் சோதனையில் முதலாவதாகத் தேறிய துரை அவர். யாழ்ப்பாணத்துப் பண்டிதர் ஒருவரிடம் படித்ததால், உப்பு வேண்டும் என்பதைக்கூட ஓலைச்சுவடியில் இருந்து எடுத்து வாசிப்பதுபோலத்தான் கேட்பார். அடுப்பைக் கண்டதும் தொப்பி விழுந்ததும் தெரியாமல் முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. கரி பட்டுத்தான் கலங்கியது என்று மர்சூக் தீர்மானித்தார். கதையைக் கேட்ட சரீபா, அப்படி இல்லை என்று பிறகு சொன்னாள்.

“ஓவசியரே, ஈது சமையலுக்கு அன்று,” என்றார் துரை. “குளிர் காய்தற்கு. ஒல்லாந்தருக்கும் முந்தியது. எமது இல்லத்தில் இத்தகையது ஒன்று உண்டு. எம் தந்தையார் அதன் அருகே அமர்ந்திருப்பார்.”

“குளிர் காயவோ?” என்றார் மர்சூக். “மன்னாரிலயோ, துரை?”

“மன்னாரிலேயே. இதனைப் பழையபடி செப்பனிடுக. கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு முன்னர் இதில் தீ எரிதல் வேண்டும்.”

மர்சூக் அன்றிரவே ஒரு அறிக்கை எழுதினார். தீவில் குளிர் கிடையாது என்பதையும், ஆகவே குளிர்காயும் அடுப்புக்கு அவசியம் கிடையாது என்பதையும், அந்த வளைவுக்குள் மூன்று தட்டுப் போட்டால் பைல் வைக்க உதவும் என்பதையும் ஏழு பந்திகளில் விளக்கினார். துரை அதை வாசித்து, ஓரத்தில் சிவப்பு மையால் “மிகச் சிறந்த நகைச்சுவை” என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. விடவில்லை. நாலு நாள் கழித்துக் கந்தோரில் எல்லார் முன்னிலையிலும் மர்சூக்கின் தோளில் தட்டினார்.

“ஓவசியரே, நுவரெலியாவில் எம் நண்பர் ஒருவர் அரசாங்க எந்திரியாக உள்ளார். ஆங்குள்ள பங்களா தோறும் அடுப்பு. ஒன்றாயினும் செவ்வனே புகை இழுப்பதில்லை. நீர் இதனை நன்கு முடித்தால், உம்மை அங்கு மாற்றும்படி யாம் எழுதுவோம். பதவி உயர்வும் உண்டு. கடிதம் ஏற்கெனவே எழுதியாயிற்று. தீ எரியும் நாளில் அனுப்புவோம்.”

கந்தோர் முழுக்கக் கை தட்டியது. சிவராசா எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்.

“பாக்கியசாலி, ஓவசியர். குளிர் தெரியாத உடம்பு. உங்களை விட்டால் நுவரெலியாவுக்கு வேற ஆர் பொருத்தம்?”

மர்சூக் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் மீசைக்கு மேலும் கீழுமாக அலைந்தது.

வீட்டில் சரீபா கதையைக் கேட்டுவிட்டு, மீன் அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னாள். “நல்லது. போங்கோ. நான் வரயில்லை.”

“என்ன பேச்சு இது?”

“பதினொரு வருசத்துக்குப் பிறகு அல்லாஹ் ஒரு பிள்ளையைத் தாறான். மாசியில பிறக்கும். உம்மா வீடு ரெண்டு வேலி தள்ளியிருக்கு. இதை விட்டுப்போட்டு மேகத்துக்குள்ள போய்ப் பிள்ளை பெறச் சொல்லுறீங்களோ? நீங்க போங்கோ. கோணிச்சாக்கை மறக்காம எடுத்துக்கொண்டு போங்கோ. அங்க ரெண்டு வேணும்.”

“மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். துரையிட்டச் சொல்லுங்கோ, எனக்குக் குளிரும் எண்டு. ஒரு சொல்லு. அவ்வளவுதான்.”

அந்த ஒரு சொல்லைத்தான் மர்சூக்கால் சொல்ல முடியாமல் இருந்தது. இருபது வருடமாகத் தீவு முழுக்கச் சொல்லித் திரிந்ததை ஒரு நாளில் விழுங்குவது எப்படி? குளிர் தெரியாதவன் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்குச் சொந்தமாக இருந்தது. மீசைகூட மாமனாரைப் பார்த்து வைத்தது.

ஆகவே அவர் அடுப்பு வேலையைச் சுணக்கத் தீர்மானித்தார். சுண்ணாம்பு நாற்பது நாள் ஊறவேண்டும் என்றார். சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீர் தேவை, நல்ல பனங்கட்டி மாந்தைப் பக்கம்தான் கிடைக்கும் என்றார். வளைவுக் கல்லுக்குப் பொருந்தும் கல் தீவில் இல்லை என்றார். சுணங்க மாட்டேன் என்று நின்றவர் யோசேப். அவருக்கு அந்த அடுப்பின்மேல் ஆசை பிடித்துவிட்டது. சுண்ணாம்பு அவர் வீட்டுக் குழியில் ஆறு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. பனங்கட்டியை மனைவியிடம் கேட்டு வாங்கி வந்தார். உடைந்த கல்லுக்குப் பதில் கடற்கரையில் தேடி ஒன்று கொண்டுவந்து, இரண்டு நாள் அரத்தால் ராவி, பழைய கல்லின் பக்கத்தில் வைத்தபோது எது பழையது என்று மர்சூக்குக்கே தெரியவில்லை. புகைபோக்கிக்குள் நீளத் தடியை விட்டுக் குத்தி ஏழு காகக்கூடும், ஒரு ஒல்லாந்தக் கரண்டியும், யாரோ ஒளித்து வைத்து மறந்த சாராயப் போத்தல் ஒன்றும் எடுத்தார். போத்தல் வெறும் போத்தல். அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

கார்த்திகை முடிகிற நேரம் அவர் கூரையில் இருந்து இறங்கி வந்தார்.

“ஐயா, மேல ஒரு சங்கதி. புகைபோக்கி வாயில ஒரு மூடி இருந்திருக்கு. பலகைக் கல்லு. உடைஞ்சு கிடக்கு. மழை நேரா உள்ளுக்கு இறங்குது. இதை மூடுறதோ, திறந்து விடுறதோ?”

மர்சூக்குக்கு விடை தெரியும். கந்தோர்ப் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் படமே இருந்தது. அடுப்பை அடைத்தவர்கள்தான் மேலேயும் கல் வைத்து மூடியிருப்பார்கள் என்பதும், அடுப்பு எரியவேண்டுமானால் அது திறந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் நுவரெலியா தெரிந்தது. பனியும், பச்சை மலையும், பக்கத்தில் சரீபா இல்லாத கட்டிலும், இரண்டு கோணிச்சாக்கும்.

“மூடினால் புகை எங்கால போகும், அண்ணை?” என்று சுற்றிக் கேட்டுப் பார்த்தார்.

யோசேப் சிரித்தார். “புகைக்கு வழி சொல்லிக் குடுக்கோணுமே? எங்கட குசினிகளில ஆர் புகைக்கு ஓட்டை விடுறது? கிடுகுக் கூரைக்குள்ளால தானே தேடிப் போகுது. ஆனால் மழை அப்பிடியில்லை. மழைக்கு ஒரு ஊசித் துவாரம் காணும்.”

“மழைக்காலம்தான்,” என்றார் மர்சூக், யன்னலைப் பார்த்துக்கொண்டு. “உங்கட மனச்சாட்சிப்படி செய்யுங்கோ.”

தீவிலே நாற்பது வருடம் கூரை கட்டிய ஒரு மேசனின் மனச்சாட்சி, வானத்தைப் பார்த்த ஓட்டை ஒன்றை மார்கழி மழைக்கு முன்னால் என்ன செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. யோசேப் அதை மூடினார். சும்மா மூடவில்லை. சங்குச் சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, மூன்று பூச்சுப் பூசி, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்தார். ஏணியில் ஏறிப் பார்த்த மர்சூக்கின் முகம் அதில் தெரிந்தது. அந்த முகத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. “நல்ல வேலை, அண்ணை,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நத்தாருக்கு ஐந்து நாள் முந்தி, பகல் பதினொரு மணிக்கு, தீ மூட்டும் விழா. துரை கோட்டுப் போட்டு வந்தார். துரைசானி கம்பளிச் சால்வையும் கையில் பின்னல் வேலையுமாக வந்து அடுப்புக்கு நேரே போட்ட கதிரையில் இருந்தாள். வெயில் எறித்தது. கந்தோர் ஆட்கள் சுவரோடு வரிசையாக நின்று வேர்த்தார்கள். யோசேப் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவுக்குப் பக்கத்தில் நின்றார், பெண்ணை மணவறையில் இருத்திய தகப்பன் மாதிரி. துரையின் கோட்டுப் பையில் நீலக் கடிதம் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது.

உடைமர விறகு நன்றாகப் பிடித்தது. ஒரு நிமிடம் எல்லாம் அழகாக இருந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு புகை மேலே போய், யோசேப்பின் மூன்று பூச்சைப் பார்த்து, ஒரு துவாரமும் இல்லை என்று தெரிந்துகொண்டு, வந்த வழியே திரும்பி வந்தது.

கந்தோர் இருண்டது. துரைசானியின் பின்னல் ஊசி எங்கோ விழுந்தது. ஐம்பது பேர் ஒரே சுருதியில் இருமினார்கள். “வெளியேறுக! யாவரும் வெளியேறுக!” என்று துரை செந்தமிழில் கத்திக்கொண்டு வாசலைத் தேடினார். வெளியே நின்ற கழுதைகள்கூட நாலு அடி தள்ளி நின்று பார்த்தன.

முற்றத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு துரை கேட்டார். “புகைபோக்கியின் வாயை மூடியவர் யார்?”

யோசேப் முன்னால் வந்தார். தொப்பி கையில் நசுங்கிக் கிடந்தது. “நான்தான், துரை.”

“எதற்கு?”

“மழை வரும், துரை. நாப்பது வருசமா நான் கட்டின கூரை ஒண்டும் ஒழுகினதில்லை.”

துரைக்கு அந்த நேரத்தில் இருமலும் கோபமும் ஒன்றாக வந்தன. “சிவராசா, எழுதிக்கொள்ளும். இம்மேசனை இனி அரசாங்க வேலை எதற்கும் வைக்கலாகாது.”

யோசேப் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே அவருடைய மூடி வெயிலில் பளபளத்தது. அதில் எங்கே பிழை என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காதவர் பார்க்கிற பார்வைதான் மர்சூக்கை வந்து தாக்கியது. பக்கத்தில் சிவராசாவின் பென்சில் காகிதத்தில் ஊர்கிற சத்தம் கேட்டது. ‘யோ’ முடிந்திருக்கும், ‘சே’ தொடங்கியிருக்கும்.

“துரை,” என்றார் மர்சூக்.

குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“மேசன் கேட்டவர், துரை. மூடுறதோ திறக்கிறதோ எண்டு என்னட்டத்தான் கேட்டவர். சொல்ல வேண்டிய ஆள் நான். சொல்லயில்லை. மூடின பிறகு ஏறிப் பாத்து, நல்ல வேலை எண்டும் சொன்னனான்.”

பென்சில் நின்றது.

துரை அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “புகைபோக்கியின் வாய் திறந்திருத்தல் வேண்டும் என்பதை நீர் அறியீரா?”

இங்கே மர்சூக்குக்கு இரண்டு வழி இருந்தது. தெரியும் என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் செய்தாய் என்று கேட்பார்கள், குளிர் வெளியே வரும். தெரியாது என்று சொல்லலாம். ஓவசியர் பட்டம் காற்றில் போகும். இருபது வருடமாக எதையும் தெரியாது என்று சொல்லியிராத மனிதர் மீசையின் வலது நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“தெரியாது, துரை.”

கந்தோர் முழுக்க இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டது.

துரை கோட்டுப் பையில் இருந்த நீலக் கடிதத்தை எடுத்தார். உள்ளே போய், இன்னும் புகைந்துகொண்டிருந்த விறகின்மேல் அதைப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

“உம்மை நுவரெலியாவுக்கு அனுப்பினால் அந்நகர் முழுவதும் மாண்டுபோகும். நீர் ஈண்டே இரும். மேசனைப் பற்றி எழுதியதை அடித்துவிடுக, சிவராசா. நாளை அந்த வாயை நீரே ஏறித் திறத்தல் வேண்டும், ஓவசியரே. நீரே.”

மர்சூக் முகத்தை எவ்வளவு துக்கமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு துக்கமாக வைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் பதினாலு தரம் அடித்தார்.

மறுநாள் வாடை பிடித்தது. வானம் தாழ்ந்து வந்து கோட்டைக் கொத்தளத்தில் உட்கார்ந்துகொண்டது. காலையில் தொடங்கிய மழை நிற்கிற எண்ணத்தில் இல்லை. துரை முசலிப் பக்கம் சுற்றுப் பிரயாணம் போய்விட்டார். கட்டளை மட்டும் போகாமல் இருந்தது.

மர்சூக் சுத்தியலோடும் உளியோடும் கூரைக்கு ஏறினார். யோசேப் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைக் கொழுவிக்கொண்டு நின்றார்.

“உடையுதில்லை, அண்ணை!”

“உடையாது, ஐயா!” கீழே இருந்து வந்த குரலில் சந்தோசம் மறைக்கப்படவில்லை. “அது என்ரை கை! ஓரத்தில குடுங்கோ! நடுவில அடிச்சால் உளிதான் போகும்!”

இரண்டரை மணித்தியாலம் அடித்தார். சட்டை உடம்பின் தோலாகிவிட்டது. விரல்கள் யாருடையவோ விரல்கள். மூடி கடைசியில் ஒரே துண்டாகக் கிளம்பியபோது, யோசேப்பே ஏறி வந்து, அதை வீணாக்க மனமில்லாமல் நாலு குட்டைக் கல்லுக் கால் வைத்து, அந்தக் கால்களின்மேல் தூக்கி இருத்தினார். புகைபோக்கி இப்போது குடை பிடித்துக்கொண்டு நின்றது.

“புகை பக்கத்தால போகும். மழை உள்ளுக்கு வராது,” என்றார் யோசேப். “முதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தால் செய்திருப்பனே, ஐயா.”

“பிழை என்னிலதான், அண்ணை.”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நீங்கள் தெரியாத ஆளில்லையே?”

மர்சூக் ஏணியைத் தேடிக் காலை நீட்டினார். பல் அடித்ததால் பதில் சொல்ல முடியவில்லை என்று யோசேப் எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கி, சோதித்துப் பார்க்கத் தீ மூட்டினார்கள். புகை ஒரு நூல்கூட வெளியே வராமல், அடக்கமான மருமகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு மேலே போனது. யோசேப் வளைவுக் கல்லை ஒருதரம் தடவினார், தொப்பியைப் போட்டார், பேசாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

கந்தோரில் யாரும் இல்லை. மழைக்காக எல்லாரும் நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள். திறந்திருந்த வாசலால் கழுதை ஒன்று மட்டும் உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் அடுப்புக்கு நேரே நின்று, நனைந்த முதுகில் இருந்து ஆவி எழுப்பிக்கொண்டிருந்தது. மற்ற நாளென்றால் மர்சூக் விரட்டியிருப்பார்.

அவர் போகப் புறப்பட்டார். சைக்கிள் வரைக்கும் போனார். வாடை வந்து ஈரச் சட்டைக்குள் கை விட்டது. திரும்பி வந்தார். புதிதாகச் செய்த வேலையை நெருப்போடு விட்டுவிட்டுப் போவது பொறுப்புள்ள ஓவசியருக்கு அழகில்லை. கதிரை தூரத்தில் இருந்தது. ஆகவே நிலத்தில் குந்தினார். சாந்து வெடிக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கிட்டக் குந்தினார்.

இன்னொருவரின் குடையில் ஒதுங்கிப் போய், தன் குடை ஞாபகம் வந்து திரும்பி வந்த சிவராசா வாசலில் நின்றார். ஓவசியருடைய இரண்டு கையும் நெருப்பை நோக்கி நீண்டிருந்தன. உள்ளங்கை விரிந்து, சோறு கேட்கிற மாதிரி.

“ஓவசியர்?”

கைகள் மடங்கின. “பரிசோதிக்கிறன்.”

“எதை?”

“சூடு சரிசமனாப் பரவுதோ எண்டு. ரிப்போட்டுக்கு வேணும்.”

“ஓம், அது பாக்கத்தான் வேணும்,” என்றார் சிவராசா மிகுந்த மரியாதையோடு. “கையைக் கொஞ்சம் திருப்பிப் புறங்கைப் பக்கமும் பாருங்கோ. எங்கட ஊரில அப்பிடித்தான் பரிசோதிக்கிறது.”

மர்சூக் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவராசா மூலையில் இருந்த குடையை எடுத்தார். வாசல் வரை போய், ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி, கழுத்தில் இருந்த பச்சை மஃப்ளரை அவிழ்த்துக் கதிரையின் முதுகில் போட்டார்.

“இதுவும் இஞ்ச கிடக்கட்டும். ரிப்போட்டுக்கு உதவும்.”

அவருடைய செருப்புச் சத்தம் முற்றத்து மழையில் கரைந்து, கோட்டை வாசலைத் தாண்டி, பாலத்தில் ஏறி மறையும்வரை மர்சூக் அசையாமல் இருந்தார். பிறகு எட்டி மஃப்ளரை எடுத்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் காதும் மூடிக்கொண்டது.

கழுதை அவரைப் பார்த்தது.

“கொஞ்சம் தள்ளி நில்,” என்று அதனிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஓவசியர் மர்சூக் இரண்டு கையையும் மறுபடி நீட்டி, இந்த முறை புறங்கைப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார்.